மணி அடித்தால் சம்பளம்!

ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் சிவப்பு சிலிண்டருக்கு நம் ஊரில் மூன்று உபயோகங்கள் உண்டு. ஒன்று, காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுப்பது. இரண்டு, மழைக்காலத்தில் குடை மாட்டுவது. மூன்று, ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்து ஒரு முழம் கதம்பம் சாத்துவது. நான்காவதாகத் தீயை அணைக்கவும் பயன்படும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. சின்ன எழுத்து. யாரும் படிப்பதில்லை.

சிலிண்டருக்காவது வருஷத்துக்கு ஒரு பூஜை கிடைக்கிறது. அதற்கு மேலே, கூரையில், கவிழ்த்து வைத்த தயிர்க் கிண்ணம் மாதிரி வெள்ளையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். விட்டு விட்டுச் சிவப்பாகக் கண் சிமிட்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் அதைக் கேமரா என்று நினைத்து முதல் வாரம் மட்டும் ஒழுங்காக வேலை செய்வார்கள். அது ஸ்மோக் டிடெக்டர். புகையை மோப்பம் பிடிக்கும் மூக்கு. இந்த வாரம் அந்த மூக்கைப் பற்றியும், அதை வைத்துப் பிழைப்பது எப்படி என்றும் பேசலாம்.

காரணம் இருக்கிறது. எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே கேள்விதான். "சார், டிப்ளமோ முடிச்சிட்டேன். அடுத்து என்ன படிச்சா வேலை?" பரமக்குடி, முதுகுளத்தூர், திருவாடானை, கீழக்கரை என்று ராமநாதபுரம் சீமைப் பையன்கள்தான் அதிகம். பாவம், அவர்களுக்கு எல்லோரும் சொல்கிற பதில் இரண்டே இரண்டு. ஒன்று சென்னைக்குப் போ. இல்லாவிட்டால் துபாய்க்குப் போ.

ராமநாதபுரம் என்றாலே அரசாங்க ஆபீஸ்களில் ஒரு வசனம் உண்டு. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!" மேலதிகாரி இதைச் சொன்னால் ஃபைல் தானாக நகரும். சரி, தண்ணீர் குறைந்த சீமையில் தீப்பிடித்தால் என்ன செய்வது? அதை அணைப்பதைவிட, பிடித்த முதல் நிமிஷமே தெரிந்துகொள்வதுதானே புத்திசாலித்தனம்? இந்தக் கேள்விக்கு அந்த மாவட்டம் ரொம்பப் பெரிய விலை கொடுத்திருக்கிறது.

2001-ம் வருஷம் ஆகஸ்ட் 6-ம் தேதி, பொழுது விடியும் முன். ஊர் ஏர்வாடி. மனம் பேதலித்தவர்களை அங்குள்ள தர்காவுக்குக் கூட்டி வந்து, குணமாகும்வரை தங்க வைப்பது வெகுகால வழக்கம். எல்லா மதத்தாரும் வருவார்கள். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள முடியாத குடும்பங்களுக்காகத் தனியார் காப்பகங்கள் முளைத்திருந்தன. அதில் ஒன்று மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம். பெயர்தான் காப்பகம். இடம், கீற்றுக் கொட்டகை. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலோரைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். கொட்டகை தீப்பிடித்தது. கட்டப்படாத சிலர் ஓடித் தப்பினார்கள். மற்றவர்கள் எழுந்தார்கள், சங்கிலி விடவில்லை. முதலில் 25 பேர் என்றார்கள். பிறகு கணக்கு 28-ல் நின்றது.

சுப்ரீம் கோர்ட் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆனால் இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற தம்பி ஒருவன் ஏர்வாடியிலிருந்து கற்றுக்கொள்ள இன்னொரு பாடம் இருக்கிறது. அன்றைக்கு அந்தக் கொட்டகையில் உலகத்திலேயே உயர்ந்த ஃபயர் அலாரம் மாட்டியிருந்தால்கூட என்ன ஆகியிருக்கும்? மணி அடித்திருக்கும். அவ்வளவுதான். மணி சத்தம் சங்கிலியை அறுக்காது.

அதனால்தான் இந்தத் துறையின் பெரிய புத்தகங்கள் எல்லாம் மூன்று விஷயங்களைச் சேர்த்தே பேசும். தீயைக் கண்டுபிடி. இருப்பவனுக்குச் சொல். அவன் வெளியே போக வழி வை. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் தண்டம்.

கீற்று என்றதும் ஞாபகம் வருகிறது. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தல், 1997 ஜூன்: 40-க்கும் மேற்பட்டோர். ஏர்வாடி, 2001. ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபம், 2004 ஜனவரி: மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டோர். அதே வருஷம் ஜூலை 16, கும்பகோணம் பள்ளிக்கூடம்: 94 குழந்தைகள். ஏழு வருஷச் சொச்சத்தில் நான்கு இடம், நான்கிலும் கீற்று. கும்பகோணத்துக்குப் பிறகுதான் பள்ளிக்கூடக் கூரைகளை நிமிர்ந்து பார்க்கவே ஆரம்பித்தோம்.

இனி, அந்தத் தயிர்க் கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது?

டூரிங் டாக்கீஸில் படம் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். புரொஜெக்டரிலிருந்து திரைக்கு ஒரு வெளிச்சக் கற்றை போகும். நடுவில் யாராவது பீடி பற்ற வைத்தால் அந்தப் புகை கற்றையில் நெளிவது தெரியும். ஏன் தெரிகிறது? புகைத்துகள்கள் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கின்றன; கொஞ்சம் நம் கண்ணுக்கும் வருகிறது. டிடெக்டருக்குள்ளும் அதே சங்கதிதான். இருட்டு அறை, ஒரு மூலையில் சின்ன விளக்கு, இன்னொரு மூலையில், நேராகப் பார்க்காத கோணத்தில், ஓர் எலெக்ட்ரானிக் கண். காற்று சுத்தமாக இருந்தால் கண்ணுக்கு வெளிச்சம் வராது. புகை நுழைந்தால் வெளிச்சம் சிதறிக் கண்ணில் படும். பேனலுக்குத் தகவல் போகும். ஹூட்டர் அலறும்.

இன்னொரு ஜாதி டிடெக்டர் உண்டு. அதற்குள் கடுகளவு அமெரிசியம் என்ற கதிரியக்கப் பொருள். சுவிட்சர்லாந்தில் 1930-களின் கடைசியில் வால்டர் யேகர் என்ற விஞ்ஞானி விஷவாயுவைக் கண்டுபிடிக்க ஒரு கருவி செய்தாராம். விஷவாயு விட்டுப் பார்த்தார், முள் அசையவில்லை. வெறுத்துப்போய் சிகரெட் பற்ற வைத்தார். முள் துள்ளியது! புகை மோப்பத்தின் பூர்வகதை இப்படித்தான் சொல்லப்படுகிறது. சிகரெட்டால் உலகத்துக்கு விளைந்த நன்மை அநேகமாக இது ஒன்றுதான்.

புகை மூக்கை எங்கே வேண்டுமானாலும் மாட்டிவிட முடியாது. சமையலறையில் மாட்டினால் மத்தியானம் பதினொரு மணிக்கு மிளகாய் தாளிக்கும்போது ஊரே வெளியே ஓடிவரும். பூஜை ரூம் பக்கம் மாட்டினால் வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு அலறும். அங்கெல்லாம் புகையை விட்டுவிட்டுச் சூட்டைக் கவனிக்கும் ஹீட் டிடெக்டர் வைக்க வேண்டும். எங்கே எது என்று தீர்மானிப்பதற்குப் பெயர்தான் டிசைன். தப்பான இடத்தில் மாட்டினால் என்ன ஆகும் தெரியுமா? இரண்டு தடவை பொய்யாகக் கத்தும். மூன்றாவது தடவை வாட்ச்மேன் வயரைப் பிடுங்கிவிடுவார். நிஜமாகத் தீப்பிடிக்கும் நாலாவது தடவை, 'புலி வருது' கதைதான்.

வயரைப் பிடுங்கினால் பேனலுக்குத் தெரியாதா? தெரியும். அதில் ஒரு சின்ன சாமர்த்தியம் இருக்கிறது. சாதாரண பேனல்களில் ஒவ்வொரு வயர் வரிசையின் கடைசியிலும் ஒரு ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள். பேனல் எப்போதும் ஒரு துளி கரண்டை அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். எலி கடித்தாலும் சரி, எலெக்ட்ரீஷியன் அறுத்தாலும் சரி, உடனே மஞ்சள் விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் தீ, மஞ்சள் எரிந்தால் கோளாறு. நம் ஊரில் பல கட்டடங்களில் அந்த மஞ்சள் விளக்கு வருஷக்கணக்காக எரிந்துகொண்டிருக்கும். "அது அப்படித்தான் சார் இருக்கும்" என்பார்கள், நவக்கிரக விளக்கு மாதிரி.

இந்தச் சாதாரண பேனல், "மூணாவது தெருவில் தீ" என்று மட்டும் சொல்லும். அதற்கு அடுத்த தலைமுறை அட்ரஸபிள் பேனல். ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி நம்பர். "மூணாவது தெரு, 14-ம் நம்பர் வீடு, பின்கட்டு" என்று போஸ்ட்மேன் மாதிரி சொல்லிவிடும். கரண்ட் போனால்? உள்ளே பேட்டரி. சாதாரணமாக 12 வோல்ட் பேட்டரி இரண்டு, சேர்த்து 24. அதையும் கழற்றிக்கொண்டு போய் இன்வெர்ட்டருக்குப் போட்டுவிடும் மகானுபாவர்கள் நம்மிடையே உண்டு.

சரி சார், வேலை எங்கே என்கிறீர்களா? வந்துவிட்டேன்.

மேலே சொன்ன ஒவ்வொரு வரியும் ஒருவருக்குச் சம்பளம். குழாய் பதித்துக் கேபிள் இழுப்பவர் டெக்னீஷியன். எல்லாம் இணைத்தபின் ஒவ்வொரு டிடெக்டருக்கும் புகை காட்டி, பேனலில் புரோகிராம் ஏற்றி, சரிபார்த்து ஒப்படைப்பவர் கமிஷனிங் இன்ஜினீயர். மாதா மாதம் வந்து தூசு தட்டி, பேட்டரி பார்த்து, புஸ்தகத்தில் கையெழுத்துப் போடுபவர் சர்வீஸ் இன்ஜினீயர். எங்கே எதை மாட்டுவது என்று வரைபடத்தில் போடுபவர் டிசைனர். இது தவிர கட்டடத்துக்குள் உட்கார்ந்து பொறுப்பு ஏற்பவர் சேஃப்டி ஆபீசர். வெளியிலிருந்து சைரன் ஊதிக்கொண்டு வருபவர் தீயணைப்பு வீரர். ஒரே மணிக்கு ஆறு உத்தியோகம்!

ஒவ்வொன்றுக்கும் என்ன படிக்க வேண்டும்?

ஐ.டி.ஐ.-யில் எலெக்ட்ரீஷியன், வயர்மேன், எலெக்ட்ரானிக் மெக்கானிக். இவற்றில் எதை முடித்திருந்தாலும் டெக்னீஷியன் வாசல் திறக்கும். தீயணைப்புத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு வருஷ ஐ.டி.ஐ. பிரிவும் இருக்கிறது. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த கை, ஏணியில் ஏறப் பயப்படாத கால், இரண்டும் இருந்தால் போதும். மீதியை சைட் கற்றுக் கொடுக்கும்.

டிப்ளமோ அல்லது பி.இ., எலெக்ட்ரிகலோ எலெக்ட்ரானிக்ஸோ முடித்தவர்கள் கமிஷனிங், டிசைன் பக்கம் போகலாம். இங்கேதான் நம் பையன்கள் ஒரு விஷயத்தைக் கோட்டை விடுகிறார்கள். இன்டர்வியூவில் "ஐ.எஸ். 2189 படிச்சிருக்கியா?" என்று கேட்டால் முழிப்பார்கள். தீ கண்டறியும் கருவிகளை எங்கே, எப்படி மாட்டுவது, எப்படிப் பராமரிப்பது என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட புத்தகம் அது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, அதில் நாலாவது பாகம், முழுக்கத் தீயும் உயிர்ப் பாதுகாப்பும். இந்தியத் தரப் புத்தகங்களை அந்த அமைப்பின் வெப்சைட்டில் பெயர் பதிந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்காக்காரர்களின் என்.எஃப்.பி.ஏ. 72 என்ற விதிப் புத்தகத்தையும் அவர்கள் சைட்டிலேயே காசில்லாமல் படிக்கலாம். இறக்கிக்கொள்ள மட்டும் விடமாட்டார்கள். கட்டடத் தீப் பாதுகாப்பு பற்றி டெல்லி ஐ.ஐ.டி. நடத்திய பாடமே என்.பி.டி.இ.எல்.-லில் சும்மா கிடக்கிறது. ஒரு மாச டேட்டா பேக் செலவு. இதற்கு 40 ஆயிரம் ஃபீஸ் கேட்கிற இன்ஸ்டிடியூட் இருக்கிறது என்றால் தப்பு அவர்கள் பேரில் மட்டும் இல்லை.

முழுநேரமாக இதையே படிக்க வேண்டும் என்பவர்களுக்கு நாக்பூரில் தேசியத் தீயணைப்புக் கல்லூரி. 1956-ல் உத்தரப் பிரதேசத்தில் ராம்பூரில் ஆரம்பித்து, அடுத்த வருஷமே நாக்பூருக்கு வந்த மத்திய அரசாங்கக் கல்லூரி. சப் ஆபீசர் பயிற்சியிலிருந்து ஃபயர் இன்ஜினீயரிங் பி.இ. வரை அங்கே உண்டு. பக்கத்திலேயே வேண்டுமானால் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேஃப்டி அண்ட் ஃபயர் இன்ஜினீயரிங் பி.டெக். மேல்படிப்புக்குத் திருச்சி என்.ஐ.டி.-யிலும், சிவகாசி மெப்கோ கல்லூரியிலும் இண்டஸ்ட்ரியல் சேஃப்டி. பட்டாசு ஊரில் பாதுகாப்புப் படிப்பு! இடம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

சேஃப்டி ஆபீசர் ஆக ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: சென்னையில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கிறது. அங்கே தரும் தொழிற்பாதுகாப்பு டிப்ளமோவுக்குத் தொழிற்சாலைகளில் மரியாதை ஜாஸ்தி. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 1000 பேர் வேலை செய்தால் ஒரு சேஃப்டி ஆபீசர் வேண்டும் என்றது. 2020-ல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 500 ஆக்கியது. அபாயகரமான தொழில் என்றால் 250. கணக்குப் பரீட்சையில் பாஸ் செய்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். நாற்காலிகள் கூடுகின்றன.

சைரன் ஊதும் வேலைக்குத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். தீயணைப்பு வீரருக்கு 10-ம் வகுப்புப் படிப்பு போதும். ஆனால் பொதுப் பிரிவு ஆண்களுக்கு உயரம் 170 சென்டிமீட்டர் கேட்பார்கள். படித்து ஏற்றிக்கொள்ள முடியாத ஒரே குவாலிஃபிகேஷன். நிலைய அலுவலர் ஆக டிகிரி வேண்டும். வருஷா வருஷம் ஏப்ரல் 14-ம் தேதி, நாம் புது வருஷத்துக்கு மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவர்கள் தீத்தொண்டு நாள் அனுசரிப்பார்கள். 1944-ல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றி வந்த கப்பல் வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் திரும்பவில்லை. அடுத்த வருஷப் பச்சடியில் வேப்பம்பூ தட்டுப்படும்போது ஒரு விநாடி நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது துபாய் விஷயம். கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் தெருவுக்குப் பத்துப் பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள். அங்கே ஃபயர் அலாரம் ஆட்களுக்குக் கிராக்கி உண்டு என்பது வாஸ்தவம். வானத்தை முட்டும் கட்டடங்கள். அலாரம் மாட்டும் கம்பெனி அந்த ஊர் சிவில் டிஃபென்ஸிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். நிறைய சைட்டுகளில் நெபோஷ் என்ற பிரிட்டிஷ் சர்டிஃபிகேட் கேட்பார்கள். டிசைன் பக்கம் போனால் நைசெட் என்ற அமெரிக்க சர்டிஃபிகேட்டுக்கு மதிப்பு. அதில் ஃபயர் அலாரத்துக்கென்றே நாலு படி. பரீட்சை பாஸ் பண்ணினால் மட்டும் தர மாட்டார்கள். படிக்கு ஏற்ற மாதிரி வேலை அனுபவமும் காட்ட வேண்டும். அதனால், "பத்து நாளில் நைசெட் லெவல் 3 வாங்கித் தர்றோம் தம்பி" என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். நெபோஷும் அப்படியே. அது பரீட்சை வைக்கிற அமைப்பு. பாடம் நடத்துகிறவர்கள் அதன் அங்கீகாரம் பெற்றவர்களா என்று அதன் வெப்சைட்டில் ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

ஏஜென்ட் விஷயமும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப லைசென்ஸ் உள்ளவர்கள் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் 30 ஆயிரம் ரூபாய், மேலே ஜி.எஸ்.டி. தமிழக அரசே 1978-ல் ஆரம்பித்த அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது. அப்பாவிடம் ஆட்டை விற்கச் சொல்வதற்கு முன்னால் இந்த இரண்டு இடத்திலும் எட்டிப் பாருங்கள்.

வளைகுடா என்றதும் சம்பளம் மட்டும் ஞாபகம் வரக் கூடாது. 2024 ஜூன் 12, குவைத்தில் மங்காஃப் என்ற இடம். தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடம். அதுவும் விடியும் முன். கீழ்த்தளத்தில் பிடித்த தீயின் புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறியது. ஏறத்தாழ 50 பேர் போனார்கள், பெரும்பாலோர் நம் நாட்டவர். தமிழ்நாட்டவர் 7 பேர். நெருப்பு தொட்டதைவிடப் புகையில் மூச்சுத் திணறியவர்களே அதிகம்.

ஏர்வாடியும் விடியும் முன். மங்காஃபும் விடியும் முன். தூங்குகிறவன் மூக்கு புகைக்கு எழுப்பிவிடும் என்று நம்பக் கூடாது. காதுதான் எழுப்பும். அதனால்தான் படுக்கை இருக்கிற இடத்தில் தலைமாட்டில் அலாரம் சத்தம் 75 டெசிபல் கேட்க வேண்டும் என்று விதி எழுதியிருக்கிறார்கள். வராந்தாவில் ஹூட்டர் மாட்டிவிட்டு, அறைக் கதவைச் சாத்தி, ஏ.சி.யையும் போட்டால் உள்ளே எவ்வளவு கேட்கும்? கமிஷனிங் இன்ஜினீயர் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் மீட்டரை வைத்து அளந்து பார்க்க வேண்டும். அளக்காமல் "ஓகே" என்று டிக் அடித்துவிட்டு மத்தியானமே பஸ் ஏறியவர்களும் உண்டு. அந்த டிக்குக்குப் பின்னால் நாற்பது பேர் தூங்குகிறார்கள். இந்த உத்தியோகத்தில் சோம்பேறித்தனம் உடனே தெரியாது. பல வருஷம் கழித்து, ஒரே ராத்திரியில் தெரியும்.

"எல்லாம் சரி சார், நான் ஊரை விட்டுப் போகாம இதுல பொழைக்க முடியுமா?" என்கிற தம்பிக்கும் பதில் இருக்கிறது. வழுதூரில் எரிவாயு மின் நிலையம். கமுதியில் 648 மெகாவாட் சோலார் மின் நிலையம், 2016-ல் வந்தது. ராமநாதபுரத்தில் மெடிக்கல் காலேஜ். ராமேஸ்வரத்தில் சந்நிதித் தெருவைச் சுற்றி எண்ணி மாளாத லாட்ஜுகள். மாட்டுவதற்குச் சென்னைக் கம்பெனி வந்து மாட்டிவிட்டுப் போய்விடும். மாதா மாதம் பார்க்க யார் வருவது? டிக்கெட் செலவு பார்த்தே அவர்கள் வரமாட்டார்கள். பக்கத்து ஊரிலேயே, போன் பண்ணினால் மோட்டார் சைக்கிளில் வருகிற, விஷயம் தெரிந்த நாலு பையன்கள் சேர்ந்தால் அது ஒரு கம்பெனி.

அதிலும் அந்தக் கடற்கரைக்கு ஒரு விசேஷம். உப்புக் காற்று. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைத் துருவிலிருந்து காப்பாற்றப் பெயிண்ட் அடித்து மாளவில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத இரும்புக் கம்பி, விசேஷப் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். ரயில் பாலத்துக்கே இந்தப் பாடு என்றால், லாட்ஜ் வராந்தாவில் இருக்கும் ஒரு சின்ன திருகாணிக்கு? டெர்மினல் பச்சைப் பிடிக்கும். கண்ணாடியை உடைக்கும் பெட்டிக்குள் ஸ்விட்ச் இறுகிப்போகும். சிலிண்டரின் அடிப்பாகம் பெயிண்டுக்குள்ளேயே அரிக்கும். கோயமுத்தூரில் ஓடுகிற பராமரிப்பு அட்டவணை மண்டபத்தில் ஓடாது. பெட்டி தண்ணீரும் தூசும் புகாத ரகமா, கேபிள் நுழையும் ஓட்டையை ஒழுங்காக அடைத்திருக்கிறதா என்று அங்கே பிறந்தவனுக்குத்தான் கை தானாகப் போகும். வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்து வளர்ந்தவன் அல்லவா! எந்த யுனிவர்சிட்டியிலும் இந்தப் பேப்பர் கிடையாது.

சம்பளம் எவ்வளவு என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த வாரம், "உங்களை நம்பித்தான் சார் பைக் லோன் போட்டேன்" என்று கடிதம் வரும். முதல் இரண்டு வருஷம் கேபிள் இழுக்கும் சம்பளம்தான் வரும், அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். பேனல் புரோகிராம் கைக்கு வந்தபின் கேட்கிற தொகை வேறு. வரைபடம் போட ஆரம்பித்தால் அது இன்னும் வேறு.

வேலை தேடாத மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. தை அமாவாசை, ஆடி அமாவாசை என்று ராமேஸ்வரம் போவீர்கள். 22 தீர்த்தமும் ஆடி, ஈர வேட்டியோடு மூணாவது மாடி ரூமுக்கு வந்து விழுந்தால் யானை மிதித்தாலும் முழிப்பு வராது. படுப்பதற்கு முன்னால் ரெண்டே நிமிஷம். படிக்கட்டு எத்தனை கதவு தள்ளி இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்; புகையில் கண் தெரியாது, கைதான் எண்ணும். இன்னொரு படிக்கட்டு இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள், கீழே கதவு பூட்டியிருக்கிறதா, பழைய மெத்தை அடுக்கியிருக்கிறதா என்று. திரும்பி வரும்போது ரிசப்ஷன் பின்னால் பேனலில் மஞ்சள் விளக்கு எரிந்தால், "தம்பி, இது என்ன லைட்டு?" என்று சும்மா கேளுங்கள்.

"அது அப்படித்தான் சார் இருக்கும்" என்று பதில் வந்தால், அந்த ஊரில் ஒரு பையனுக்கு வேலை காலியாக இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் வேறு லாட்ஜ் பாருங்கள்.